ஒன்பதில் முடியும் எண்

நாள் 212, 07:10. பள்ளம் நிலையம்.

எழுதுவது ஜுலைகா. பள்ளம் நிலையத்தின் கணினிக்கும் கட்டளைகளுக்கும் பொறுப்பாளர்.

நேற்று வெட்டிய பனி பதினோரு டன். திரவ ஆக்ஸிஜன் தொட்டி முக்கால் பங்கு. வெளியே மைனஸ் 228. உள்ளே 19. குறை எதுவும் இல்லை.

புதிதாக வாசிப்பவருக்காக மாதம் ஒரு முறை நிலையத்தின் அமைப்பை விவரிக்க வேண்டும் என்பது விதி. நிலவின் தென்துருவத்தில், சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு பெரும்பள்ளம். அதன் அடியில் நாங்கள் இருவர்: நானும் துளைப்பாளர் முடியப்பனும். பனியை வெட்டி உருக்கி ஆக்ஸிஜனும் தண்ணீரும் ஆக்குகிறோம். மேலே, பள்ளத்தின் உச்சியில், வெயில் படும் இடத்தில் விளிம்பு நிலையம். சூரியத் தகடுகளும் பூமியோடு பேசும் ஆன்டெனாவும் அங்கே இருக்கின்றன. அதில் ஒருவர் மட்டும்: தலைவர் தில்லைவாணன். மற்றவர்கள் முந்தைய விண்கலத்தில் ஊர் திரும்பிவிட்டார்கள். மாற்று ஆட்களோடு அடுத்த கலம் நாள் 221-இல் இறங்கும்.

மின்சாரம் கேபிளில் மேலிருந்து வருகிறது. ஆக்ஸிஜன் குழாயில் கீழிருந்து போகிறது. அவர் இல்லாமல் எங்களுக்கு வெப்பம் இல்லை, நாங்கள் இல்லாமல் அவருக்கு மூச்சு இல்லை.

ஹீட்டர், பம்பு, வால்வு, ஆன்டெனா எதுவும் கையொப்பம் இல்லாத கட்டளைக்கு அசையாது. கையொப்பத்தின் பூட்டு ஓர் எண். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த பகு எண் அது. பெருக்கி வந்த எண் எல்லோருக்கும் தெரியும். எவ்விரண்டைப் பெருக்கினோம் என்று தெரிந்தவர்தான் கட்டளை இட முடியும். இங்கே அது தலைவருக்கும் எனக்கும் தெரியும். வாரச் சோதனை செய்தேன். பூட்டு சரியாக இருக்கிறது.

நாள் 213, 15:25. விபத்து.

மூன்றாம் குழியின் கூரை சரிந்தது. முடியப்பன் உள்ளே இருந்தார். வின்ச் கயிற்றில் கட்டி இழுத்தேன். உடை கிழியவில்லை. இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்திருக்கின்றன. வயிறு கல் போல இருக்கிறது. வலி மருந்து கொடுத்து உள்ளறையில் படுக்க வைத்திருக்கிறேன்.

சரிவுக்கு முந்தைய வானொலிப் பதிவு, ஒரு சொல்லும் விடாமல்:

விளிம்பு: "முடியப்பா, இன்னும் ரெண்டு மீட்டர் உள்ள போ."

முடியப்பன்: "சார், கூரையில கீறல் தெரியுது. தாங்கு கம்பி நிறுத்திட்டுப் போறேனே."

விளிம்பு: "கம்பி நிறுத்த ஒரு ஷிஃப்ட் போயிடும். கலம் வர்றப்ப நான் டன் காட்டணும். போ, ஒண்ணும் ஆகாது."

முடியப்பன்: "சரி சார்."

நாள் 213, 17:05

விளிம்பிலிருந்து அறிவிப்பு. பழைய பூட்டு எண் ரத்து. புதிய எண் நடைமுறையில். காரணம் குறிப்பிடவில்லை. காரணிகள் எனக்கு அனுப்பப்படவில்லை.

பழைய காரணிகளைக் கொண்டு ஆன்டெனாவுக்கு ஒரு கட்டளை அனுப்பிப் பார்த்தேன். மறுக்கப்பட்டது. இந்த நிமிடத்திலிருந்து இங்கே எதையும் என்னால் திறக்கவோ மூடவோ முடியாது.

நாள் 213, 18:40

விளிம்பு: "விபத்து அறிக்கை அனுப்பியிருக்கேன் ஜுலைகா. படிச்சிட்டு உங்க பேரைப் போடுங்க."

பள்ளம்: "படிச்சேன் சார். முடியப்பண்ணன் யார்கிட்டயும் கேக்காம உள்ள போனாருன்னு எழுதியிருக்கீங்க. நீங்கதான் போகச் சொன்னீங்க. பதிவுல இருக்கு."

விளிம்பு: "அந்தப் பதிவையும் எடுத்துடுங்க. அது உங்க மெஷின்ல மட்டும்தான் இருக்கு."

பள்ளம்: "எடுக்க மாட்டேன். முதல்ல பூமிக்குச் சொல்லுங்க. அவருக்கு டாக்டர் வேணும்."

விளிம்பு: "பூமிக்குச் சொல்லியாச்சு. பள்ளத்தோட தொடர்பு அறுந்துபோச்சு, உள்ள யார் உயிரோட இருக்காங்கன்னு தெரியலன்னு சொல்லியிருக்கேன். உங்க கையெழுத்து வரட்டும், தொடர்பும் வந்துடும்."

முடியப்பனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. உள்ளறை ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டேன்.

நாள் 214, 06:15

விழித்தபோது மூச்சு புகையாக வந்தது. தலைவர் மின்சாரத்தை வெட்டிவிட்டார். ஆக்ஸிஜன் பம்புக்குப் போகும் ஒரு சுற்றில் மட்டும் மின்னோட்டம் இருக்கிறது. அது அவருக்கு வேண்டியது. அதிலிருந்து ஹீட்டருக்கு இழுத்துப் பார்த்தேன். மேலே துண்டிப்பான் விழுந்தது. ஒரு நிமிடம் கழித்து அவரே மறுபடி போட்டார்.

விளிம்பு: "அதைத் தொடாதீங்க. அடுத்த தடவை போட மாட்டேன்."

பேட்டரி இருக்கிறது. அதில் ஓடும் உள்ளறை அவசர ஹீட்டருக்கு மட்டும் கையொப்பம் தேவையில்லை. உள்ளறையை மட்டும் சூடாக வைத்தால் இரண்டரை நாள் ஓடும். கலம் வர அதைப் போல மூன்று பங்கு நாள் இருக்கிறது.

ஆக, எனக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே நிற்பது ஓர் எண். அதைப் பார்க்கிறேன்.

இலக்கங்கள் அறுநூற்றுக்கும் மேல். கடைசி இலக்கம் 9. நான்கால் வகுத்தால் மீதி 1. மூன்றால் வகுத்தால் மீதி 2. ஐந்தும் ஏழும் பதினொன்றும் அதைத் தொடவில்லை. முதல் பார்வைக்கு உள்ளே எதுவும் இல்லாத பாறை.

ஆனால் அது பகா எண் அல்ல. அதைச் சொல்ல உடைக்க வேண்டியதில்லை. சிறிய எண்ணில் காட்டுகிறேன். 15-ஐ எடுங்கள். இரண்டைப் பதினான்கு முறை தன்னோடு பெருக்கி, 15-ஆல் வகுத்தால் மீதி 4. பதினைந்து பகா எண்ணாக இருந்திருந்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். வரவில்லை. மூன்றையும் ஐந்தையும் கண்ணால் பார்க்காமலேயே, பதினைந்து உடையக்கூடியது என்று தெரிந்துகொண்டோம். அவருடைய எண்ணிலும் இதே சோதனையைச் செய்தேன். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. மீதி 1 இல்லை. உடையும். எந்த இடத்தில் என்பதை மட்டும் சோதனை சொல்லாது.

நாள் 214, 10:30

கணக்கு அடுக்கை இயக்கியிருக்கிறேன். கனிமத் தரம் பிரிக்க வைத்த கணினிகள். மின்சாரத்தை உள்ளறை ஹீட்டர் அளவுக்கே குடிக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் பேட்டரி ஒரு நாளைக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

தேடுவது சிறிய காரணியை. தலைவர் சோம்பேறித்தனமாக ஒரு பக்கத்தைச் சிறிதாகத் தேர்ந்திருந்தால் மாட்டும். இரண்டு பக்கமும் சமமாகப் பெரிதாக இருந்தால், இங்கே உள்ள கணினி எல்லாம் துருப்பிடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உள்ளறைப் பதிவு:

முடியப்பன்: "தங்கச்சி, என்ன சத்தம் அது?"

நான்: "கணக்கு ஓடுதுண்ணே. அந்தாளு போட்ட பூட்டை உடைச்சுப் பாக்குறேன்."

முடியப்பன்: "உடையுமா?"

நான்: "உடையும். எப்பன்னு தெரியல. ஹீட்டரைக் கொஞ்சம் கொறச்சாத்தான் ரொம்ப நேரம் ஓட்ட முடியும்."

முடியப்பன்: "கொறச்சுக்க. போர்வை ரெண்டு இருக்கு."

18-லிருந்து 8-க்குக் குறைத்தேன்.

நாள் 214, 16:50

எதுவும் இல்லை. பத்து இலக்கம் வரை உள்ள காரணிகள் இல்லை. இருபது வரை இல்லை என்று ஏறக்குறைய உறுதி.

விளிம்பு: "முடியப்பன் எப்படி இருக்கான்?"

பள்ளம்: "மின்சாரம் கொடுங்க, நல்லா இருப்பாரு."

விளிம்பு: "ஒரு கையெழுத்து. அவனுக்கு அதால என்ன குறைஞ்சிடப் போகுது? அவன் வேலைக்குத் திரும்பப் போறதில்ல. எனக்கு இதுதான் கடைசி நிலவுப் பணி ஜுலைகா. இதுல பேர் கெட்டா எனக்கு வேற எதுவும் இல்ல. யோசிங்க."

பள்ளம்: "நீங்க யோசிங்க சார். கீழ ரெண்டு பேர் இருக்கோம்."

விளிம்பு: "எனக்கு அவசரம் இல்ல. உங்களுக்குத்தான் அவசரம்."

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடியப்பனிடம் சொன்னேன். பொய்யை ஒப்புக்கொண்டு உயிரோடு ஊர் போய், அங்கே உண்மையைச் சொல்வோம் என்றேன். அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது:

முடியப்பன்: "பதிவை அழிச்சிட்டா அப்புறம் அவருக்கு நாம எதுக்கு? கேபிளைப் போட்டுத் தருவாருன்னு நெனைக்கிறியா?"

நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை.

உள்ளறை 8-லிருந்து 4-க்கு.

நாள் 215, 05:40

விடியற்காலைச் சோதனை. எதுவும் இல்லை. வேறு முறைக்கு மாற்றினேன். அதிலும் இல்லை. பேட்டரி கால் பங்கு.

முடியப்பன்: "கால் வலி தெரியல தங்கச்சி. அது நல்லதா, கெட்டதா?"

நல்லது என்றேன்.

முடியப்பன்: "லால்குடில இப்ப என்ன மாசம்?"

கணக்குப் போட்டு மார்கழி என்றேன். அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். பதிவில் அது இருமல் போலக் கேட்கிறது.

நாள் 215, 09:20

முடியப்பன் இறந்துவிட்டார். எப்போது என்று தெரியாது. உள்ளே போனபோது போர்வையின் ஓரத்தில் பனி பூத்திருந்தது. அவர் வீட்டில் என்ன சொல்லி அடக்கம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த துஆவை ஓதினேன். கண்ணை மூடிவிட்டேன். உள்ளறைக் கதவை மூடிவிட்டேன்.

விளிம்புக்குச் சொன்னேன்.

விளிம்பு: "அப்ப அறிக்கையில ஒரு வரி மாத்தணும். சம்பவ இடத்திலேயே இறந்தான்னு."

நாள் 215, 11:35

கணக்கு அடுக்கை அணைத்துவிட்டேன். இனி யாருக்காக. திரையில் அந்த எண் மட்டும் இருந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுக்கு மேலே தலைப்பு வரி இருந்தது: உருவாக்கத் தொடக்கம், உருவாக்க முடிவு, இரண்டு நேரங்கள். இரண்டு நாளாக அது என் கண் முன்னே இருக்கிறது. எண்ணைப் படித்தேன், தலைப்பைப் படிக்கவில்லை.

நேர இடைவெளி மிகவும் குறைவு.

பூட்டு செய்ய இரண்டு பகா எண்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். விளிம்பில் உள்ள கணினி அதை ஆன்டெனாவின் இரைச்சலிலிருந்து சேகரிக்கும். மெதுவான வேலை. ஒரு தொடக்கப் புள்ளிக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். தலைப்பில் உள்ள இடைவெளி அதற்குத்தான் போதும். இரண்டாவதற்குப் போதாது.

முடியப்பனை நான் வின்ச் கயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தபோது தலைவர் மேலே அவசர அவசரமாகப் பூட்டு செய்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டாவது சேகரிப்புக்குக் காத்திருக்கவில்லை. ஒரே தொடக்கப் புள்ளி. அங்கிருந்து நடந்து முதல் பகா எண். அதைத் தாண்டி நடந்து அடுத்த பகா எண். இரண்டும் பக்கத்து வீடு.

பக்கத்து வீடுகளாக இருக்கும் இரண்டு எண்களின் பெருக்கம் ஒரு முழு வர்க்கத்துக்குச் சற்றுக் கீழே உட்காரும். 5767 என்ற எண்ணை எடுங்கள். வர்க்கமூலம் 76-க்குக் கொஞ்சம் குறைவு. 76-இன் வர்க்கம் 5776. அதிலிருந்து 5767-ஐக் கழித்தால் 9. அது 3-இன் வர்க்கம். ஆகவே 76-இல் 3 குறைத்தால் 73, கூட்டினால் 79. பெருக்கிப் பாருங்கள்.

அவருடைய எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தேன். மேலே முழுமையாக்கினேன். வர்க்கம் செய்தேன். கழித்தேன். அறுநூறு இலக்கமும் ஒன்றையொன்று தின்று தீர்ந்து, மிஞ்சியது 126736.

356-இன் வர்க்கம்.

முடிந்தது. ஒரு வர்க்கமூலம், ஒரு பெருக்கல், ஒரு கழித்தல். கையடக்கக் கருவியில் செய்தேன். அடுக்கு தேவைப்படவில்லை. ஹீட்டரைக் குறைக்கத் தேவைப்படவில்லை. பதினெட்டு டிகிரியில் உட்கார்ந்து செய்திருக்கலாம். முடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து செய்திருக்கலாம்.

இதற்கு மேல் இந்தப் பதிவில் எழுத முடியவில்லை.

நாள் 215, 12:50

இரண்டு காரணிகளிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் கையொப்பச் சாவி தானாக வருகிறது. தலைவரின் பெயரில் முதல் கட்டளை: பள்ளத்துக்கு முழு மின்சாரம். விளக்குகள் எரிந்தன. இரண்டாவது: ஆன்டெனா. விபத்துப் பதிவும் இந்த நாட்குறிப்பும் பூமிக்குப் போய்விட்டன. மூன்றாவது: அவருடைய எண் ரத்து, என் எண் நடைமுறையில்.

என் எண்ணுக்கு இரண்டு தொடக்கப் புள்ளிகள், தனித்தனியே சேகரித்தவை. காரணிகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கின்றனவா என்று சரிபார்த்தேன். நல்ல எண். வர்க்கமூலம் எடுத்து அதை யாரும் திறக்க முடியாது. அவருக்கு ஆயுள் போதாது.

விளிம்பு: "ஜுலைகா, என் பலகை எதுவும் வேலை செய்யல. என்ன பண்ணீங்க?"

விளிம்பு: "ஆன்டெனா யார் கையில இருக்கு? ஜுலைகா?"

நாள் 215, 15:30

பூமி: "பதிவுகள் கிடைத்தன. கலத்தை நாள் 219-இல் இறக்க ஏற்பாடு செய்கிறோம். தில்லைவாணன் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். அவருக்குப் போகும் ஆக்ஸிஜனை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். புரிந்ததா, பள்ளம்?"

புரிந்தது என்று சொன்னேன்.

அவருடைய வால்வை மூடும் கட்டளையை அதற்கு முன்பே எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தேன். அனுப்பும் விசை ஒன்றுதான் பாக்கி. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். உள்ளறைக் கதவு எனக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு அந்தக் கட்டளையை நீக்கினேன்.

பள்ளம்: "தில்லைவாணன், கேளுங்க. நீங்க செத்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும். ஆனா வால்வு திறந்துதான் இருக்கும். மூச்சு விடுங்க. கலம் வரும், அவங்க உங்களை இட்டுட்டுப் போவாங்க. அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."

விளிம்பு: "எப்ப மூடுவீங்க?"

பள்ளம்: "மூட மாட்டேன்னு சொன்னேன்."

விளிம்பு: "நான் கேட்டது அதில்ல. எப்ப?"

நாள் 216, 06:05

எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் அணைந்தன. கட்டளைப் பதிவேட்டில் எந்தக் கட்டளையும் இல்லை. மேலே வெளிக்கதவு திறந்து மூடியதாக மட்டும் ஒரு வரி.

பூட்டை உடைக்க முடியவில்லை. கேபிளை வெட்டிவிட்டார். கையால். பனி அறுக்கும் ரம்பத்தால்.

ஆன்டெனா கட்டளைகளும் அதே கேபிளில்தான் போகும். பூமி போய்விட்டது. பள்ளத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள சிறு வானொலி மட்டும் மிச்சம்.

விளிம்பு: "இப்ப ரெண்டு பேரும் சமம். நீங்க வால்வைத் திறங்க, நான் கேபிளை இணைக்கிறேன்."

பள்ளம்: "வால்வு திறந்துதான் இருக்கு. நேத்துலேர்ந்து ஒரு நிமிஷம்கூட மூடல."

விளிம்பு: "என் மீட்டர்ல அழுத்தம் இறங்குது."

பள்ளம்: "இறங்காம என்ன செய்யும்? திரவ ஆக்ஸிஜனை ஆவியாக்கி மேல தள்ளுறது பம்பு. பம்புக்கு மின்சாரம் உங்க கேபிள்ல வருது. நீங்க அறுத்தது அதைத்தான்."

விளிம்பு: "பொய் சொல்றீங்க."

வால்வின் நிலைப் பதிவை என் கையொப்பத்தோடு வானொலியில் அனுப்பினேன். என் எண் அவரிடம் இருக்கிறது. பொருந்துகிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். திறந்தது, திறந்தது, திறந்தது என்று நேற்று மதியத்திலிருந்து வரிசையாக இருக்கும்.

அவருக்குக் கணக்குத் தெரியும். சோதித்திருப்பார்.

விளிம்பு: "மூட மாட்டீங்கன்னு நான் நம்பல."

பள்ளம்: "தெரியும்."

நாள் 216, 13:15

பேட்டரி நேற்று பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கணக்கு அடுக்கு இல்லை, பம்பு இல்லை. கட்டளை அறையை மட்டும் ஐந்து டிகிரியில் வைத்தால் நாள் 218 காலை வரை. கலம் 219-இல் இறங்கும். இறங்குதளத்திலிருந்து பள்ளத்துக்கு வர இன்னும் ஒரு நாள். எப்படிக் கூட்டினாலும் பற்றாது.

கேபிள் இணைந்தால் பற்றும். வெட்டிய இடம் விளிம்பிலிருந்து நடை தூரம். மூன்று இழைகளையும் முறுக்கிக் கவ்வி போட வேண்டும். ஒரு ஆள் வேலை. அவரிடம் சொன்னேன், படிப்படியாக, மரியாதையாக. இணைத்தால் பம்பு ஓடும், இருவரும் பிழைப்போம் என்று சொன்னேன்.

விளிம்பு: "சரி. உடை மாட்டிட்டுக் கிளம்புறேன்."

நாள் 217, 08:45

நேற்று அவர் கிளம்பவில்லை. உடையில் கோளாறு என்றார். இன்று காலை கிளம்பியிருக்கிறார். ரோவர் வண்டியில்.

விளிம்பு: "கேபிள் பக்கம் போய்ட்டு இருக்கேன்."

ரோவரின் இருப்பிடச் சமிக்ஞை இங்கே நேரடியாகக் கேட்கும். அது அவருக்கு நினைவில் இல்லை. ரோவர் கேபிளுக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இறங்குதளப் பாதை. அங்கே ஆபத்தில் ஒதுங்குவதற்கான அவசரக் கூண்டு இருக்கிறது. அதில் ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் இருக்கின்றன, ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு. கூண்டுக்கெனத் தனிச் சூரியத் தகடும் உண்டு.

விளிம்பு: "வந்துட்டேன். முனையைச் சுத்தம் பண்றேன். தூசு நெறய இருக்கு."

ரோவர் நகர்ந்துகொண்டிருக்கிறது.

பள்ளம்: "மூணு இழையும் தெரியுதா?"

விளிம்பு: "தெரியுது."

நான் கேட்டது, எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்க. என்னிடம் பேச வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வானொலியை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். அணைக்கவில்லை. எல்லா வானொலிப் பேச்சும் பதிவாகும் என்று அவருக்குத் தெரியும். இதைக் கண்டெடுக்கப்போகும் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

நாள் 217, 14:10

ரோவர் இறங்குதளத்தில் நின்றுவிட்டது.

விளிம்பு: "ஒரு இழை இணைஞ்சிடுச்சு. விரல் மரத்துப்போகுது. இருந்தாலும் விட மாட்டேன் ஜுலைகா. நீங்க தைரியமா இருங்க."

அறை மூன்று டிகிரி. உடைக்குள் இருக்கிறேன். கையுறையோடு தட்டுகிறேன், எழுத்துகள் தப்பிப் போகின்றன, திருத்துகிறேன்.

நாள் 218, 07:30

பேட்டரி கடைசிக் கோடு. இதுவரை எழுதியது முழுவதற்கும், ரோவரின் இருப்பிடப் பதிவுக்கும் சேர்த்து என் எண்ணால் முத்திரை வைக்கிறேன். வைத்தவுடன் இரண்டு காரணிகளையும் அழித்துவிடுவேன். அதன் பிறகு இதில் ஓர் எழுத்தையும் யாராலும் மாற்ற முடியாது, என்னாலும் முடியாது.

எண்ணை உங்களுக்காக விட்டுப்போகிறேன். பகு எண் என்று நீங்கள் சோதிக்கலாம். முத்திரை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். உடைக்க முயல வேண்டாம். உள்ளே இருந்ததை நான் பார்த்தேன், போதும்.

உள்ளறையில் இருப்பவர் முடியப்பன். லால்குடிப் பக்கம். அவர் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனார். தாங்கு கம்பி கேட்டார்.

முத்திரை.

முத்திரை இடாதது

காரணிகள் போய்விட்டன. இதற்குக் கையொப்பம் கிடையாது. நம்புவது உங்கள் விருப்பம்.

மணி தெரியவில்லை. திரை பாதி தெரி

விளிம்பு: "ஜுலைகா, மூணும் இணைச்சுட்டேன். இப்பப் பாருங்க. விளக்கு எரியும்."

இருட்டு.

விளிம்பு: "ஜுலைகா? எரியுதா?"

ஒலிவாங்கி விசை கைக்கு அகப்பட இல்லை இல்லை என்று சொல்ல

விளிம்பு: "எரியுதுன்னு பதிவு பண்ணிக்கிறேன்."